புள்ளிச்சி ஏன் கூட்டில் கேறவில்லை: வயதான கோழி ஒன்றில் இரண்டு வகைச் சிற்றுண்ணி

கன்னியாகுமரி மாவட்டம், திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. எட்டு வயதை நெருங்கும் நாட்டுப் பெட்டைக்கோழி. சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் என்பதால் பெயர் புள்ளிச்சி. முட்டை நின்று இரண்டு வருடமாகிறது. வளர்க்கும் அம்மா தனியாக இருப்பவர். கறிக்கு அல்ல, வீட்டில் ஒரு துணைக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனிச் சாரல் பிடித்துப் பத்து நாள் கழித்து, கோழியைப் பனையோலைக் கடவத்தில் (கூடையில்) வைத்து மூடிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார்.

“அந்திக்குக் கூட்டுல கேறமாட்டேங்கு சாரே. துணி அலக்குற கல்லுமேல போய்க் குத்தவைக்கு. மரநாய் கீரி ஏதாவது தூக்கிட்டுப் போயிருமோன்னு எனக்கு ஒறக்கமே இல்ல.”

இந்தச் சொல்லிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. வெளிச்சம் மங்கும்போதே கூடடைவது அதன் பிறவிக் குணம். ஏழெட்டு வருடம் படுத்த கூட்டை ஒரு கோழி திடீரென்று வேண்டாம் என்றால், ராத்திரி அந்தக் கூட்டுக்குள் அதை ஏதோ வதைக்கிறது. பாம்போ எலியோ இல்லை என்றால் அடுத்த சந்தேகம் சிற்றுண்ணி, அதாவது மைட் எனப்படும் மிகச்சிறிய ஒட்டுண்ணிதான்.

வருவதற்கு முன்னால் வீட்டில் மூன்று வைத்தியம் நடந்திருந்தது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து இறகுக்குள் தேய்த்தார்கள். கூட்டில் மண்ணெண்ணெய் தெளித்தார்கள். காலில் செதில் தடித்திருந்ததால் காலையும் இரண்டு முறை மண்ணெண்ணெயில் முக்கினார்கள். நான்கு நாள் தேவலை என்று இருந்தது, பிறகு பழையபடி ஆனது. ஒவ்வொன்றும் ஏன் பலிக்கவில்லை என்பதைப் பின்னால் அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

பகலில் பார்த்தது

எடை 1.35 கிலோ. நெஞ்செலும்பு கத்தி முனைபோல் கையில் தட்டியது, இரு பக்கமும் சதை வற்றியிருந்தது. கொண்டையும் தாடியும் வெளிர் ரோஜா நிறம். வாயைத் திறந்தால் உள்சவ்வும் வெளுப்பு. இது ரத்தக்குறைவு. வெளுப்புக்குக் குடற்புழுவும் காரணமாகலாம் என்பதால் எச்சம் பரிசோதிக்கப்பட்டது, புழுமுட்டை இல்லை.

இறகைப் புரட்டிப் பார்த்தபோது ஆச்சரியம். எச்சத்துளையைச் சுற்றி, தொடையின் உட்புறம், இறக்கையின் அடி, கழுத்தடி என எங்கேயும் ஊர்கிற ஒன்றும் இல்லை. நெஞ்சிலும் தொடையிலும் குண்டூசித் தலை அளவில் காய்ந்த ரத்தப்பொருக்குகள் மட்டும் இருந்தன. வேப்பெண்ணெய் தேய்த்த இடங்களில் இறகு கற்றை கற்றையாக ஒட்டிக் கிடந்தது.

பலர் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். பகலில் கோழியின் மேல் பூச்சி இல்லை என்றால் பூச்சித் தொல்லையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் கோழி உடம்பில் ஊர்கிற எதற்கும் ‘கோழிப்பேன்’ என்றே பெயர். அந்த ஒரு பெயருக்குள் நாலைந்து வெவ்வேறு உயிர்கள் ஒளிந்திருக்கின்றன. நிஜப் பேன் ஆறு கால் பூச்சி, வைக்கோல் நிறம், வெளிச்சம் பட்டதும் ஓடும், இறகின் அடித்தண்டில் வெள்ளைக் கொத்தாக முட்டை ஒட்டும். அது பகலிலும் கோழி மேலேயே இருக்கும். வெப்பநாட்டுக் கோழிச் சிற்றுண்ணி என்று ஒன்று உண்டு. அதுவும் பகலில் உடம்பில் கிடக்கும், எச்சத்துளைப் பக்கத்து இறகை அழுக்கேறிய கருப்பாக்கிவிடும். கோழி உண்ணி பெரியது, தட்டையான தோல்பை மாதிரி இருக்கும், அரை சென்டிமீட்டருக்கு மேல் வளரும், சுவர்ப் பிளவில் ஒளியும். சிவப்புச் சிற்றுண்ணியோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பகல் முழுக்க மரத்துக்குள் இருந்துவிட்டு இருட்டியதும் ஏறிவந்து ரத்தம் குடித்து, வயிறு நிரம்பியதும் இறங்கிப் போய்விடும். கோழி மேல் அது தங்குவது ராத்திரியில் ஒரு சிறு பொழுதுதான். ஆகவே மருந்தகத்தின் நண்பகல் வெளிச்சத்தில் கோழியை எவ்வளவு புரட்டினாலும் அது கண்ணில் படாது.

கால் வேறு கதை. இரண்டு காலிலும் செதில்கள் மேல்நோக்கிப் பிளந்து நின்றன. அவற்றுக்கு அடியில் சாம்பல் வெள்ளையில் சுண்ணாம்பு போன்ற பொருக்கு. விரல் மூட்டுகள் வீங்கி நொண்டல் இருந்தது. வயதான கோழியின் கால் இயல்பாகவே சொரசொரப்பாகும், குதிமுள் வளரும். ஆனால் வயதால் தடித்த செதில் தட்டையாகப் படிந்திருக்கும். நகத்தால் மெல்ல வருடினால் ஓட்டுக்கூரையின் ஓடு தூக்கிக்கொண்டாற்போல் செதில் நிமிர்ந்து நின்றால் அது கால்செதில் சிற்றுண்ணி. பொருக்கைச் சுரண்டி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது குட்டைக் கால்களுடன் உருண்டையான சிற்றுண்ணிகள் தெரிந்தன. இது வாழ்நாள் முழுதும் செதிலுக்கடியிலேயே வளை தோண்டி வாழும், மரத்துக்குப் போகாது.

இன்னொன்றும் கண்டது. மேல் அலகு கீழ் அலகைத் தாண்டி நான்கு மில்லிமீட்டர் வளர்ந்து வளைந்திருந்தது. தன் மேல் இருக்கும் பூச்சியைக் கோழி அலகு நுனியால்தான் கோதிப் பிடித்து நசுக்குகிறது. நுனி பொருந்தாத அலகு, கோதமுடியாத அலகு. இடுப்பும் கழுத்தும் விறைத்த கிழட்டுக் கோழி வால்பக்கம் வரை வளைந்து கோதுவதே சிரமம். மண்குளியலும் குறைந்துபோகிறது. இளம் கோழியும் வயதான கோழியும் ஒரே கூட்டில் படுத்தாலும் பூச்சி வயதானதின் மேல் குவிவது இதனால்தான்.

ராத்திரி ஒன்பது மணி

அன்று சாயங்காலம் அந்த அம்மாவிடம் இரண்டு வேலை சொல்லப்பட்டது. பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைக் கூட்டின் படுக்கைக் கம்புக்கு அடியில் விரிக்க வேண்டும். கோழியைக் கையால் தூக்கிக் கம்பில் உட்காரவைத்து, நன்றாக இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து அதன் தொடையையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி அதைக் கூட்டில் வைத்தது கோழிக்குத் துன்பம்தான். ஆனால் அதைச் செய்யாமல் விருப்பப்படி மருந்து அடிப்பது அதைவிடப் பெரிய துன்பம்.

ஒன்பது மணிக்குத் தொடையின் வெள்ளைத் தோலில் சிவப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள் நகர்ந்தன. காலையில் வேட்டித் துண்டை மடித்து உள்ளங்கையால் தேய்த்தபோது ஐந்தாறு இடத்தில் ரத்தக் கோடு இழுத்தது.

பிறகு பகலில் கூட்டைப் பிரித்தார்கள். அயனிப் பலகைக் கூடு, மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம், நான்கு கால், மேலே சிமென்ட் ஷீட். படுக்கைக் கம்பின் நுனி பலகையில் செருகியிருந்த துளையைக் கத்தி முனையால் நெம்பியபோது முதலில் உதிர்ந்தது உப்பும் மிளகுத்தூளும் கலந்தாற்போன்ற சாம்பல்நிறத் தூள். அது உரித்த தோலும் கழிவும். அதற்கு அடியில் ஊசிமுனையில் எடுக்கும் அளவுக்கு முத்து வெள்ளை முட்டைகள். அவற்றின் மேல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த சிற்றுண்ணிகள். ரத்தம் குடித்தவை சிவப்பு, பட்டினி கிடந்தவை சாம்பல். துளை ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். அதற்குள் நூற்றுக்கணக்கில் இருந்தன. மண்ணெண்ணெய் வாசனை மரத்தில் இன்னும் இருந்தது. மண்ணெண்ணெய் மேற்பரப்பில் பட்டு ஆவியாகிவிட்டது, துளைக்குள் இறங்கவே இல்லை. முதல் நான்கு நாள் தேவலையானதும் இதனால்தான்: வெளியே நடமாடியவை செத்தன, உள்ளே இருந்த முட்டைகள் பொரிந்தன.

வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த நம் மழைக்காலத்தில் இந்தச் சிற்றுண்ணியின் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து முட்டையிடும் தாய் வரை வளர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையுமாக இரண்டு பருவமும் பெய்வதால், கூடு முழுதாகக் காய்கிற மாதங்கள் குறைவு. தோவாளைப் பக்கத்துக் காய்ந்த காற்றில் கூடு சீக்கிரம் உலர்ந்துவிடும். அங்கே பலித்த ஒரு வைத்தியம் இங்கே அப்படியே பலிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கூட்டுக்குச் செய்தது

வைத்தியத்தின் பெரும்பாரத்தைக் கூட்டின் மேல் ஏற்ற வேண்டும், கோழியின் மேல் அல்ல. ரத்தம் குறைந்த எட்டு வயதுக் கோழிக்கு மருந்தைத் தாங்கும் சக்தி கொஞ்சம். மரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

முதலில் உள்ளே கிடந்த வைக்கோல், கதம்பைத்தூள், எச்சம் அனைத்தையும் சாக்கில் அள்ளி வாய் கட்டி, அந்த மணிக்கூறிலேயே எரித்தார்கள். எருக்குழியில் போட்டால் சிற்றுண்ணி அங்கிருந்து நடந்தே திரும்பிவரும். படுக்கைக் கம்பைக் கழற்றி அதையும் அடுப்பில் வைத்தார்கள். பழைய கம்பைக் கழுவிக் காப்பாற்ற முயல்வது வீண்வேலை.

அடுத்தது கொதிநீர். பதினைந்து லிட்டர், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே, மூக்குள்ள கெட்டிலால் பிளவு பிளவாக, மூலை மூலையாக ஊற்ற வேண்டும். தூரத்திலிருந்து வாளியால் வீசினால் மரத்தைத் தொடும்போதே சூடு பாதியாகிவிடும். ஓலைச்சூட்டு கொளுத்திக் காட்டும் பழக்கமும் நம்மூரில் உண்டு. நல்ல முறைதான், ஆனால் இந்தக் கூடு அடுக்களைச் சாய்ப்பின் ஓலைக்கூரைக்குக் கீழ் இருந்ததால் அது வேண்டாம் என்று விடப்பட்டது. பிறகு சோப்புத் தண்ணீரில் தேங்காய்நார்க் கற்றை வைத்துத் தேய்த்து, சாரல் விட்ட ஒன்றரை நாளில் வெயிலில் கவிழ்த்து உலர்த்தினார்கள்.

நன்றாக உலர்ந்த பின்பே மருந்து. ஒரு மில்லியில் 12.5 மில்லிகிராம் உள்ள டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி. அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம். இந்தக் கூட்டுக்கு இரண்டரை லிட்டர் கரைசல் பிடித்தது. தட்டைப் பரப்புக்குக் கைத்தெளிப்பான், துளைகளுக்கு ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்ச். சிரிஞ்ச் முனையைத் துளைக்குள் வைத்து, மறுபக்கம் கசியும் வரை அழுத்த வேண்டும். கையுறை, முகமூடி கட்டாயம். கூடு காலியாக இருக்க வேண்டும். முழுதாகக் காய்ந்து ஒருநாள் காற்றாடிய பிறகே கோழி உள்ளே போகலாம். பூனைக்கு இந்த வகை மருந்து ஆகாது, மீனுக்குக் கொடிய விஷம். மிச்சக் கரைசலை ஓடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டவே கூடாது.

இங்கே ஒரு பிழை நடக்க இருந்தது. கூட்டைச் சுத்தம் செய்கிற கையோடு சிப்பிச் சுண்ணாம்பு நீற்றி அடித்துவிடலாம் என்று அந்த அம்மா கலக்கி வைத்திருந்தார். சுண்ணாம்பு நல்லதுதான். பிளவை அடைக்கும், மரத்தை உலர்த்தும். ஆனால் டெல்டாமெத்ரின் காரத்தில் சிதைந்துபோகும். சுண்ணாம்பின் மேல் மருந்தடித்தாலும், மருந்தின் மேல் சுண்ணாம்பு அடித்தாலும் மருந்து வெறும் தண்ணீர் ஆகிவிடும். “மருந்து அடிச்சோம், கேக்கல” என்று வருகிறவர்களின் கூட்டைப் பார்த்தால் அடிக்கடி வெள்ளை அடித்திருக்கிறது. ஆகவே இங்கே பெரிய பிளவுகள் எம்-சீலாலும் சிறியவை உருக்கிய மெழுகாலும் அடைக்கப்பட்டன. சுண்ணாம்பு மருந்துச் சுற்று எல்லாம் முடிந்து இருபத்தெட்டாம் நாளுக்கு ஒதுக்கப்பட்டது.

மருந்தை மட்டுமே நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வகை மருந்துகளுக்குச் சிவப்புச் சிற்றுண்ணி பல நாடுகளில் பழகி, தாக்குப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. கொதிநீருக்கும் அடைத்த பிளவுக்கும் பழகிவிட முடியாது.

வாழைக்கு வைக்கும் குருணை மருந்தையோ பயிருக்கு அடிக்கும் மற்ற பூச்சிமருந்தையோ கோழிக்கூட்டில் போட யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குருணை வடிவிலான கார்போஃபியூரான் பறவைக்கு எமன், ஒரே குருணை சிறு பறவையைக் கொன்றுவிடும். ஃபினாயில் போன்ற கழிப்பறைத் திரவங்களும் வேண்டாம். நாய்க்கு உண்ணிக்காக விடும் ஃபிப்ரோனிலும் கோழிக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் இதே சிவப்புச் சிற்றுண்ணிக்காக அடித்த திரவத்தில் அது கலந்திருந்து, முட்டைகளில் ஏறி, ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்கில் முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

புதிய படுக்கை, வயதுக்கு ஏற்றபடி மாறியது. பழைய கம்பு தரையிலிருந்து இரண்டடி உயரம். நொண்டும் கோழி அதில் ஏறமுடியாமல் மூலையில் பலகை ஓரமாகவே படுத்திருக்கிறது, அதாவது சிற்றுண்ணியின் வாசலிலேயே. புதிதாக இரண்டு அங்குல அகலம், இழைத்து மேல்விளிம்பு உருட்டிய கட்டை, தரையிலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரம். சுவரில் செருகாமல் தனி நிலையாக நான்கு குட்டைக் கால்களில் நிற்கிறது, எந்தப் பக்கமும் பலகையைத் தொடுவதில்லை. நான்கு காலும் நான்கு சிரட்டையில். சிரட்டையில் ஒரு விரல் ஆழம் பழைய எண்ணெய். மரத்திலிருந்து கோழிக்கு நடந்துவர வழி இப்போது எண்ணெய்க்குளம் வழியாக மட்டும்தான். சிரட்டை ஆடாமல் இருக்க அடியில் களிமண் உருண்டை. வாரம் ஒருமுறை எண்ணெயில் விழுந்த தூசியும் இறகும் எடுத்துவிட வேண்டும். ஒரு இறகு போதும், பாலமாகிவிடும்.

கோழிக்குச் செய்தது

காலுக்கு: 38 முதல் 40 டிகிரி சூட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கொஞ்சம் மென்சோப்பு. முழங்கையில் ஊற்றினால் சுடாமல் இதமாக இருக்கும் பதம். பத்து நிமிடம் இரண்டு காலையும் ஊறவைத்து, மென்மையான பழைய பல்தூரிகையால் மேலிருந்து கீழாக, செதில் படிந்திருக்கும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பொருக்கு தானாக வருவது மட்டும் வரட்டும். செதிலைப் பிய்த்தால் ரத்தம் வரும், அந்தப் புண்ணில் கிருமி ஏறும். துணியால் ஒற்றிக் காயவைத்து, வாசலினைச் செதிலுக்கடியில் போகும்படி அழுத்தித் தடவ வேண்டும். காற்றுப் புகாமல் அடைத்து உள்ளே இருப்பதை மூச்சுத் திணறச் செய்வதுதான் இதன் வேலை. தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் வழிந்து போய்விடும், தினமும் போட வேண்டியிருக்கும். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், அதன்பின் வாரம் ஒருமுறை. மண்ணெண்ணெயில் முக்கிய இடத்தில், விரலிடுக்கில் தோல் சிவந்து வெடித்திருந்தது. பூச்சியை மண்ணெண்ணெய் கொஞ்சம் கொல்லும், தோலை நிறைய எரிக்கும். நொண்டலில் பாதி அந்த எரிச்சலால் வந்தது என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்ணெண்ணெயை நிறுத்திய ஐந்தாம் நாளே நடை இளகிவிட்டது.

சிற்றுண்ணி செதிலுக்கடியில் ஆழமாகப் போயிருந்ததால் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தும் சேர்க்கப்பட்டது. இதில் அளவுப் பிழை ஆபத்தானது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்பது கணக்கு. 1.35 கிலோவுக்கு 0.27 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் ஊசிமருந்து 1 விழுக்காடு, ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். அப்படியானால் தேவை 0.027 மில்லி, ஒரு சொட்டில் பாதி. சாதாரணச் சிரிஞ்சால் இதைச் சரியாக அளக்க முடியாது. கண்ணளவில் “ஒரு சொட்டு ரெண்டு சொட்டு” விட்டால் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை போய்விடும், கோழி மயங்கித் தள்ளாடும். எனவே 0.1 மில்லி மருந்துடன் 0.9 மில்லி புரோப்பிலீன் கிளைகால் சேர்த்துக் குலுக்கி, மில்லிக்கு 1 மில்லிகிராம் ஆக்கி, அதிலிருந்து 0.27 மில்லி, ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. தண்ணீரில் கலந்தால் மருந்து சேராமல் பிரிந்துபோகும், சீராக வராது. பதினான்காம் நாள் மறுபடி ஒருமுறை. இதைக் கால்நடை மருத்துவர் கையால்தான் கொடுக்க வேண்டும். முட்டையிடும் கோழியானால் முட்டையைத் தின்னக் கூடாது. புள்ளிச்சி தப்பித்தவறி ஒரு முட்டை இட்டாலும் குப்பையில் போடும்படி சொல்லப்பட்டது. மரத்தில் வாழும் சிவப்புச் சிற்றுண்ணிக்கு இந்த மருந்து துணையாகாது. அது காலுக்கு மட்டும்.

அலகு ஒரே நாளில் வெட்டப்படவில்லை. நகம் ராவும் அரத்தால் ஒருமுறை இரண்டு மில்லிமீட்டர், பத்து நாள் கழித்து இன்னும் இரண்டு. நுனிக்குள் ரத்தநாளம் ஓடுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ரோஜா நிறம் முடியும் இடம் தெரியும், அதைத் தொடக் கூடாது.

உடம்பைக் குளிப்பாட்டவில்லை. சாரல் காலத்தில் ரத்தம் குறைந்த கோழியை முழுக்க நனைத்தால் பூச்சிக்குத் தப்பினாலும் குளிருக்குத் தப்பாது. ஒட்டிப்போன வேப்பெண்ணெய் இறகை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் துணியால் துடைத்து, அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்தினார்கள். வேப்பெண்ணெயை மரத்துக்குத் தெளிக்கலாம்: 20 மில்லி எண்ணெய், 5 மில்லி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் வெந்நீர், பலமுறை. கோழியின் இறகுக்கு அது பாரம். எண்ணெய் ஏறிய இறகு உடம்புச் சூட்டைக் காக்காது.

மண்குளியல்: தாழ்வாரத்தில் மழை படாத மூலையில் எட்டு சென்டிமீட்டர் விளிம்புள்ள அகன்ற தட்டு. உயரமான பெட்டியில் காலெடுத்து வைக்க இதனால் முடியாது. சலித்த விறகுச் சாம்பல் ஒரு பங்கு, ஆற்றுமணல் இரண்டு, காய்ந்த செம்மண் இரண்டு. பிளாஸ்டிக் கவர் போட்டு எரித்த அடுப்பின் சாம்பல் ஆகாது, நெஞ்சுக்குள் போகும். டையட்டமேசியஸ் மண் என்று ஆன்லைனில் விற்பதை வாங்க வேண்டாம் என்று சொன்னோம். அது பூச்சியின் மேல்தோலை உலர்த்திக் கொல்வது, நம் மழைக்காலக் காற்றின் ஈரத்தில் அந்த வேலை பெரிதும் மங்கிப்போகும்.

தீனியில் பத்து நாள், காலையில் அவித்த முட்டை அரை, சிறுகக் கொய்த முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, கேழ்வரகு ஊறவைத்தது. கடற்கரையோர மாவட்டம் என்பதால் மீன் கழிவும் கருவாட்டுப் பொடியும் போடுவது வழக்கம். உப்புக் கருவாடு கோழிக்கு விஷத்துக்குச் சமம், உப்பில்லாமல் காயவைத்த நெத்திலி மட்டும் போடலாம்.

ஒன்பதாம் நாள் திரும்பிவந்தது

ஆறாம் நாள் கொதிநீரும் மருந்தும் இரண்டாம் முறை போயின. முதல் முறைக்குத் தப்பிய முட்டை பொரிந்து, அந்தக் குஞ்சு தாயாகி முட்டையிடுவதற்கு முன் பிடிப்பதுதான் இந்த இடைவெளியின் கணக்கு. கூட்டில் வைத்த பொறிகள் காலி. பொறி என்றால், அலையலையான உள்தாள் கொண்ட அட்டைப்பெட்டியில் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, சுருட்டி, கட்டையின் அடியில் நூலால் கட்டுவது. அந்த அலைக் குழாய்களைத் தன் வீடு என்று நினைத்துச் சிற்றுண்ணி ஒளியும். வாரம் ஒருமுறை அவிழ்த்து, வெள்ளைத்தாளில் தட்டிப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டுவிடலாம்.

ஆனால் ஒன்பதாம் நாள் கோழியின் நெஞ்சில் புதுப் பொருக்குகள். கூடு சுத்தம், பொறி சுத்தம், கடி மட்டும் புதுசு. அந்த அம்மாவின் முன்கையிலும் அரிப்புத் தடிப்புகள்.

காரணம் கூட்டில் இல்லை, அன்பில் இருந்தது. கூடு காய்கிற நாட்களில் கோழியை அடுக்களையில், அதை மருந்தகத்துக்குக் கொண்டுவந்த அதே பனையோலைக் கடவத்தில் படுக்கவைத்திருந்தார். சாரலில் குளிருமே என்று கூடு காய்ந்த பிறகும் இரண்டு மூன்று ராத்திரி. கடவத்தின் முடைச்சலுக்குள் எத்தனை மடிப்பு, எத்தனை இடுக்கு! அதைப் பிரித்துத் தாளில் தட்டியபோது சிவப்புத் தூள் கொட்டினாற்போல் விழுந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: ராத்திரி எங்கே படுக்கிறது என்று மட்டுமல்ல, கடந்த ஒரு மாதத்தில் எங்கெல்லாம் படுத்தது, எதில் தூக்கினீர்கள், அடைவைத்த பெட்டி எங்கே இருக்கிறது. கடவம் எரிக்கப்பட்டது. அது தொங்கிய ஆணிப் பக்கத்துச் சுவர்ப்பிளவு கொதிநீரும் சிமென்ட்டும் கண்டது. சாய்ப்பின் உத்தரத்தில் பழைய மைனாக்கூடு ஒன்று காலியாகக் கிடந்தது, அதையும் எடுத்தார்கள். காட்டுப்பறவைக் கூடு இந்தச் சிற்றுண்ணிக்கு இன்னொரு தாய்வீடு.

“ஒரு மாசம் கூட்டைச் சும்மா போட்டாப் பட்டினில செத்துராதா சாரே” என்று அந்த அம்மா கேட்டார். இல்லை அம்மா, பூட்டிப்போட்ட கூட்டில் குளிர்ந்த ஈரமான இடுக்கில் இது மாதக்கணக்கில் ரத்தமில்லாமல் கிடக்கும். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் அந்தக் காலம் சுருங்கும். ஆனால் அதை நம்பிக் கூட்டைப் பூட்டிவைத்துவிட்டு மீண்டும் கோழியை விட்டவர்கள் திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

மனிதர் மேல் இது குடியிருக்காது. கடிக்கும், அரிக்கும், துணி மாற்றிக் குளித்தால் போய்விடும். வீட்டுக்குள் வந்ததே கோழி வந்ததால்தான், கோழி வெளியே போனதும் ஒரு வாரத்தில் அந்த அரிப்பு நின்றது.

பிறகு

பதினைந்தாம் நாள் மூன்றாவது முறையாக மருந்து, அது கூட்டின் மூலைகளுக்கும் ஷீட்டின் விளிம்புக்கும் மட்டும். பதினான்காம் நாள் எடை 1.38 கிலோ, கொண்டையின் நுனியில் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது, அடிப்பகுதி இன்னும் வெளுப்பு. பதினேழாம் நாள் அந்தியில் யாரும் தூக்காமல் தானாகக் கூட்டுக்குள் கேறியது. அன்று ராத்திரி அந்த அம்மா மூன்று முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தாராம். இருபத்தெட்டாம் நாள் சுண்ணாம்பு. நாற்பத்தைந்தாம் நாள் 1.52 கிலோ, வாய்ச்சவ்வு சிவப்பு, பொறிகள் நான்கும் காலி.

கால் மெதுவாகத்தான் வரும். செத்த சிற்றுண்ணியால் தூக்கிய செதில் உடனே படியாது, பழையது உதிர்ந்து புதிது வர மாதங்கள் பிடிக்கும். மூன்றாம் மாதம் வலதுகாலில் பின்பக்கம் ஏழெட்டுச் செதில் மட்டும் இன்னும் நிமிர்ந்திருக்கிறது, அடியில் பொருக்கு இல்லை, சுரண்டலில் ஒன்றும் தெரியவில்லை. வாசலின் வாரம் ஒருமுறை தொடர்கிறது. அலகை ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து ராவ வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் சிரட்டை எண்ணெயை மாற்றி, புது அட்டைப் பொறி நான்கு கட்டியாயிற்று. மழை நிற்கும்வரை பொறியை நான்கு நாளுக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. தாளில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தாலும் அன்றே கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.